குவாத்தமாலாவில் நான்கு நாள்கள்

கேள்வி: குவாத்தமாலாவில் எங்களுக்கு நான்கு நாள்களே கிடைக்கும். அவற்றில் இரண்டை மாயர்களின் திக்கால் நகரத்துக்கு ஒதுக்குவது தகுமா? "காட்டுக்குள் இடிபாடுகளைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?" என்கிறார் என் கணவர். - ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். தலைநகரிலிருந்து புளோரஸ் ஊருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கிருந்து சாலைவழி. ஒரே நாளில் போய்த் திரும்புவோரும் உண்டு. ஆனால், விடியற்காலையில் ஊளைக் குரங்குகள் காடே அதிர உறுமுவதைக் கேட்க ஓர் இரவு தங்கத்தான் வேண்டும்.

இடிபாடுகள் என்று உங்கள் கணவர் சொல்வது பொய்யன்று. ஆனால் ஆறு என்பதே இல்லாத, சுண்ணாம்புப் பாறை மழைநீரை உறிஞ்சிவிடுகிற ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது எப்படி என்ற கேள்வியோடு போனால், அதே கற்கள் வேறு விதமாகத் தெரியும். முற்றங்களுக்குச் சாந்து பூசித் தளமிட்டு, விழுந்த மழைநீர், தாங்கள் வெட்டிய குளங்களுக்கு ஓடும்படி வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். மேடான சாலைகள் சில, குளத்துக்குக் கரையாகவும் பயன்பட்டன. பெரும்பாலான பயணிகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காலடித் தளத்தைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஏறத்தாழ 47 மீட்டர் உயரமுள்ள முதலாம் கோயிலின் அடியில்தான் கி.பி. 682-இல் அரியணை ஏறிய ஹசாவ் சான் காவில் என்ற அரசரின் கல்லறை இருந்தது. அக்கோயிலில் ஏற அனுமதியில்லை. நான்காம் கோயிலில் மரப்படிகள் வழியாக ஏறலாம். மேலே நின்றால், பச்சைப் பரப்புக்கு மேலே மற்றக் கோயில்களின் உச்சிகள் மட்டும் தலைநீட்டும்.

இக்கோயில்களின் வாயில்களுக்கு மேலே விட்டமாக வைத்தவை சப்போட்டா மரக் கட்டைகள். நாம் பழமாக மட்டுமே அறிந்த அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். இரும்பு போன்ற அதன் வைரம், ஈரக் காட்டில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் உளுத்துப்போகாமல் நின்றிருக்கிறது. செதுக்கு வேலைப்பாடுள்ள சில கட்டைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போய்விட்டன. அவற்றைப் பார்க்க அங்குள்ள அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது வருத்தத்துக்குரியது.

மீதி இரண்டு நாளுக்குப் பழைய தலைநகரான அந்திகுவா போதும். அதித்லான் ஏரி அழகானதுதான். ஆனால் அதையும் இதற்குள் திணித்தால் பாதிப் பொழுது வண்டியிலேயே கழியும்.

கேள்வி: அந்திகுவாவில் தேவாலயங்களை ஏன் இடிந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள்? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: அந்திகுவா ஸ்பானியர் ஆட்சியில் தலைநகராக இருந்தது. 1773-இல் நேர்ந்த நிலநடுக்கங்கள் அதைச் சிதைத்தன. 1776-இல் தலைநகரை இன்றைய குவாத்தமாலா நகரம் உள்ள இடத்துக்கு மாற்ற ஆணை பிறந்தது. அதிகாரமும் பணமும் அங்கே போய்விட்டதால், பெரிய கட்டடங்களைத் திரும்ப எழுப்ப ஆளில்லை. வறுமையால் இடிக்காமலும் திரும்பக் கட்டாமலும் எஞ்சிய அந்தத் தோற்றத்தைத்தான் இன்று பணம் கொடுத்துப் பார்க்கிறோம். 1979-இல் திக்காலைப் போலவே இந்நகரமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கூரையிழந்த பேராலயத்தைப் பார்த்த கையோடு, மஞ்சள் வண்ணம் பூசிய லா மெர்செத் தேவாலயத்துக்கும் நடந்து செல்லுங்கள். நிலநடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1767-இல், கட்டி முடித்த அது பெரிய சேதமின்றித் தப்பியது. அதன் குட்டையான மணிக்கூண்டுகளையும் பருத்த சுவர்களையும் பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.