பூட்டிய வீட்டைத் திறக்கும் முன்: கேள்வி பதில்

பினாங்கில் 31 வருடம் இருந்துவிட்டு 2014-இல் செட்டிநாட்டில் உள்ள என் ஊரான கானாடுகாத்தானுக்குத் திரும்பினேன். ஊர் திரும்ப நினைப்பவர்கள் சிலர் கேட்டவையும், எனக்குத் தெரிந்த பதில்களும்.

அண்ணே, பூர்வீக வீட்டில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சரிபண்ணிக் குடியேறலாமா? (சிங்கப்பூர்)

தாராளமாக. ஆனால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் பங்காளிகளைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் பதினோரு பங்கு. வந்த வேகத்தில் யாரையும் கேட்காமல் இரண்டாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) ஒரு குளியலறை கட்டினேன். படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளுக்கு) வந்த சித்தப்பா மகன் அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடாமல் கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டான். குளியலறை அவனுக்குப் பிரச்சினையே இல்லை. நான் இல்லாத காலத்தில் வீட்டு வரி கட்டியதும், மழைக்கு முன் ஓடு மாற்றியதும் அவர்கள். எனக்கு இப்போதுதான் வீடு நினைவு வந்ததா என்ற கேள்வி அது. சமாதானமாக இரண்டு வருடம் ஆனது.

அவரவர் உள்வீட்டுக்குள் (பங்குக்கு வந்த அறைக்குள்) என்ன செய்தாலும் பேச்சு வராது. முகப்பு, பட்டாலை (மேடைபோல் உயர்ந்த தளம்), வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) எல்லாம் பொது. அங்கே ஆணி அடிப்பதற்கும் கேட்டுக்கொள்வது நல்லது. செலவு யாருடையது, செலவு செய்தவருக்குப் பங்கு கூடுமா கூடாதா என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லாரும் ஒன்றாகக் கிடைப்பது படைப்பின்போதுதான்.

சுவர் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

கூடவே கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடும். பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சும் பொருமி விழும். முதலில் கூரை ஓடுகளையும் முற்றத்து வடிகாலையும் பாருங்கள், ஈரம் அங்கிருந்துதான் வரும். ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூவேலைத் தளக்கல்) பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தண்ணீரில் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். அந்தத் தரை ஆள் நடக்க நடக்கத்தான் பளபளக்கும்.

என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கை) என்ன செய்வது?

நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் (வெளிநாட்டுப் பணமாகவே போட்டது) முதிர்வு வரை இருக்கலாம். திரும்பியவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு வருமான வரியில் ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைநிலை உண்டு. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வாடகை, வட்டிக்கு இங்கே வரி வராது. கிளம்பும் தேதியைக் குறிக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், வந்த பிறகு அல்ல.

சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டேன். ஊரில் கொஞ்சம் வயல் வாங்கலாமா?

ஓ.சி.ஐ. அட்டையில் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அப்பச்சி (அப்பா) வழியில் வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். ஓட்டு கிடையாது. ஆதாருக்கு, முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

மகள்கள் இருவரும் இங்கே. இவருக்கு மட்டும் ஊருக்குப் போக வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. (ஈப்போவிலிருந்து ஓர் ஆச்சி)

ஆச்சி, பயம் நியாயமானது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பூட்டிய வீடுகள். முதல் வருடம் விளக்கு வைத்த பிறகு என் மனைவி வளவைத் தாண்டிப் பின்கட்டுக்குத் தனியாகப் போகமாட்டார். அண்ணன் தை மாதத்தில் வந்து, நாலு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்திருப்பார். சித்திரை வெயிலில் ஒரு மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், நேரே பெரிய வீட்டுக்குப் போகாமல் காரைக்குடியில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். டாக்டர், கடை எல்லாம் பக்கம். திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரம்தான், மகள்கள் வந்துபோகவும் சுலபம். சாவியை அண்ணன் வைத்திருக்கட்டும், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

நம்மைத் திரும்பவும் ஊர்க்காரனாக நினைப்பார்களா?

பால்காரருக்கு நான் இன்னும் 'பினாங்கு அய்யா'தான். ஆனால் போன பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி ஏற்றிய இனிப்பு மாவு) எடுக்க ஆள் எண்ணியபோது, கேட்காமலே என்னையும் சேர்த்திருந்தார்கள். கோயம்புத்தூர்த் தம்பியும் வந்திருந்தான். அந்தக் குளியலறையில்தான் குளித்தான். தண்ணீர் வேகம் போதவில்லையாம்.