கையெழுத்து முடிந்ததும் ஓட்டலில் விருந்து: வேலூர்ப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

மண்டபம் வேண்டாம், பதிவுத் திருமணம் முடித்துவிட்டு நெருங்கியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாங்கள் இருவரும் வெவ்வேறு மதம். சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம். முடிந்ததும் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு. ஹாலுக்கு இப்போதே அட்வான்ஸ் கட்டிவிடலாமா? (காட்பாடி)

பேசி வையுங்கள், பணம் கட்டுவதைப் பொறுங்கள். 1954ஆம் ஆண்டின் இந்தச் சட்டப்படி, கல்யாணம் செய்யப் போகிறோம் என்று திருமணப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கடந்த பிறகுதான் திருமணம் நடக்கும். நடுவில் யாராவது ஆட்சேபம் கொடுத்தால் விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ். அதனால் 30 நாள் முடிந்து, அலுவலகத்தில் தேதி உறுதியான பிறகு கட்டுங்கள். முன்னாடியே கேட்டார்கள் என்றால், தேதி மாறினால் இந்தப் பணம் புதுத் தேதிக்குச் சேரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

காலை 11 மணிக்கு அலுவலகம் என்றால் 12 மணிக்கு இலை போடச் சொல்லாதீர்கள். உங்களுக்கு முன்னால் இன்னும் யார் யார் காத்திருப்பார்கள் என்று தெரியாது. ஒன்றரை மணி என்று சொல்லுங்கள். மூன்று சாட்சிகளும் வீட்டுப் பெரியவர்களும் மட்டும் அலுவலகத்துக்கு வரட்டும், மற்றவர்கள் நேராக ஓட்டலுக்குப் போகட்டும். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில்தான் இறங்குவார்கள். எனவே காந்தி நகர்ப் பக்கமே ஓட்டல் பாருங்கள். பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலில் எல்லோரையும் நிறுத்த வேண்டாம்.

மாப்பிள்ளை வீடு சுத்த சைவம். எங்கள் வீட்டில் பிரியாணி இல்லாமல் கல்யாணமே இல்லை. என்ன செய்வது? (குடியாத்தம்)

முதலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: பக்கத்து மேஜையில் கறி இருந்தால் சாப்பிடுவார்களா, கறி சமைக்கிற சமையலறைச் சாப்பாட்டையே தொடமாட்டார்களா? இரண்டாவது என்றால், மதியம் சைவ ஓட்டலில் எல்லோருக்கும் ஒரே பந்தி, ராத்திரி உங்கள் வீட்டில் பிரியாணி. இதில் உங்கள் வீட்டார் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

ஒரே ஓட்டலில் இரண்டும் சரி என்றால், தனித்தனி அறை கேட்காதீர்கள். அன்றைக்கே இரண்டு வீடும் பிரிந்து உட்கார்ந்துவிடும். ஒரே ஹாலில் பக்கத்துப் பக்கத்து மேஜை போதும், சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனிப் பரிமாறும் ஆள் இருக்கட்டும். பிரியாணி ஆம்பூர் வகையாக இருக்கட்டும்: சீரகச் சம்பா, அரிசிக்குச் சரியளவு கறி. ஒரு கிலோ அரிசி போட்டால் ஏழெட்டுப் பேர் திருப்தியாகச் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரிக்காய் நம் மாவட்டத்துச் சொத்து. ஓட்டலில் சொல்லி அதையே வாங்கி, சைவச் சமையலில் தனியாக எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யச் சொல்லுங்கள். சைவ மேஜையில் சாதத்துக்கும் அதுதான், இந்தப் பக்கம் பிரியாணிக்கும் அதுதான்.

இலைக்கு 450 ரூபாய் என்கிறார்கள். கடைசியில் பில் ஏறிவிடுமோ என்று பயம். (ராணிப்பேட்டை)

நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டால், நாற்பது இலைக்கு 18,000. சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 900. மொத்தம் 18,900. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய ஓட்டலின் உணவகம் என்றால் வரி 18 சதவீதம் ஆகும், கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறியவர்களுக்கு நீங்களாகக் கையில் கொடுப்பது வேறு, அதைத் தாராளமாகக் கொடுங்கள். குறைந்தபட்ச இலைக் கணக்கை 35 என்று பேசி, கூடுதலாக வருவதற்குத் தனியாகப் பில் போடச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் அந்த 450-க்குள் வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை 11 மணி கிடைத்திருக்கிறது. ராகு காலம் என்று பாட்டி அழுகிறார். (ஆற்காடு)

வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம்தான். பாட்டியோடு வாதாட வேண்டாம். அலுவலகத்தில் நேரம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வியாழன் கிடைத்தால் அன்று ராகு காலம் மதியம் 1.30-க்குத்தான், காலை முழுக்க உங்களுடையது. முடியாவிட்டால் மாலை மாற்றுவதை ஓட்டலில் 12 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், மாலையைப் பாட்டி கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆற்காட்டுக்காரர்கள் நீங்கள், இனிப்புக்கு மக்கன் பேடாவை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். வெளி இனிப்புக்கு ஓட்டலில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

மே மாதம், கேக் வெட்டலாமா? (வாலாஜா)

கத்திரி வெயிலில் கிரீம் கேக் வழியில் தாங்காது. ஏசி ஹால், நன்னாரி சர்பத், மோர். போதும்.

அப்பா வரமாட்டேன் என்கிறார். அம்மா மட்டும் வருவார்கள். மேடையும் மொய்யும் வேண்டாம் என்று நினைக்கிறேன், சரியா? (சத்துவாச்சாரி)

மேடை வேண்டாம் என்பது மிகச் சரி. அப்பா மனம் மாறிக் கடைசி நேரத்தில் வந்தார் என்றால், மேடை இருந்தால் எல்லோர் முன்னாலும் ஏறி நிற்க வேண்டும். மேஜை மட்டும் இருந்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடலாம். இலைக் கணக்கில் அவரைக் குறைக்காதீர்கள். கையெழுத்துக்கு வாருங்கள் என்று அழைக்காமல், சாப்பிட வாருங்கள் அப்பா என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவருக்கு நெருக்கமான சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் அன்று காலையில் அவர் வீட்டில் இருக்கட்டும், கூட்டிவர ஆள் இருந்தால் கிளம்புவது சுலபம். வந்தால் போட்டோகிராபரை அவர் பக்கம் அனுப்பாதீர்கள். வராவிட்டால் விருந்தின் நடுவே யாரும் அதைப் பேச வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மொய் வேண்டாம் என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள். அப்புறமும் ஒரு பெரியம்மா கையில் நூறு ரூபாயைத் திணித்தால் மறுக்காதீர்கள், அவர் மனம் புண்படும். யாராவது ஒருவர் சிறு நோட்டில் பெயரும் தொகையும் குறித்துக்கொள்ளட்டும், நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டும்.