தேயிலைத் தோட்டப் படத்துக்கு எந்தக் குறிச்சொற்கள்?

கேள்வி: கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் எடுத்த தேயிலைத் தோட்டம், மூடுபனி, மலை ரயில் படங்களையும் சில வீடியோக்களையும் படங்களை விற்றுத் தரும் ஸ்டாக் தளங்களில் ஏற்றி வருகிறேன். தளம் தானாகப் பரிந்துரைக்கும், தேடலுக்கான குறிச்சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்ச இடத்தை ‘பியூட்டிஃபுல்’, ‘நேச்சர்’, ‘இந்தியா’ போன்ற சொற்களால் நிரப்புகிறேன். படங்கள் ஏற்கப்படுகின்றன, விற்பனைதான் ஆகவில்லை. குறிச்சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? – கோத்தகிரி வாசகர் ஒருவர்

பதில்: படங்கள் ஏற்கப்படுகின்றன என்பதால் தரத்தில் பெரிய குறையில்லை என்றே கொள்ளலாம். ‘நேச்சர்’ என்று தேடினால் லட்சக்கணக்கில் படங்கள் வந்து குவியும்; அந்தக் குவியலுக்குள் உங்கள் படத்தை யாரும் தோண்டி எடுக்கப்போவதில்லை. காசு கொடுத்துப் படம் வாங்க வருபவருக்குக் கையில் ஒரு வேலை இருக்கும். அது தேயிலைப் பொட்டலத்தின் மேலுறையாக இருக்கலாம், சுற்றுலாத் துண்டறிக்கையாக இருக்கலாம், பெண் தொழிலாளர்களின் கூலியைப் பற்றிய கட்டுரையாகவும் இருக்கலாம். அந்த வேலைக்கு வேண்டிய பொருளின் பெயரைத்தான் அவர் தட்டச்சு செய்வார், ‘அழகு’ என்று தேடமாட்டார்.

ஆகவே, எழுதும்போது இரண்டு வகையான வாங்குபவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நீலகிரியே வேண்டும். மற்றவருக்குக் கோத்தகிரி என்றோர் ஊர் இருப்பதே தெரியாது. பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கிடைத்தால் போதும். ஒரே படம் இருவர் கண்ணிலும் பட வேண்டும் என்றால், ஊர்ப்பெயரும் வேண்டும், ஊரே தெரியாதவர் தேடக்கூடிய பொதுச்சொல்லும் வேண்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். காலை மூடுபனி, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் சரிவு, ஒரு பெண் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளி, முதுகில் தொங்கும் பைக்குள் போடுகிறார். இதற்கு ‘டீ பிளக்கிங்’, ‘டீ பிளான்டேஷன்’, ‘டீ வொர்க்கர்’, ‘வுமன்’, ‘ஹார்வெஸ்ட்’, ‘டீ லீவ்ஸ்’, ‘நீல்கிரிஸ்’ ஆகியவற்றை முதலில் வைப்பேன். ‘டீ எஸ்டேட்’, ‘டீ கார்டன்’ என்ற இரண்டையும் சேர்ப்பேன். நம் ஊரில் எஸ்டேட் என்பதை வெளியே பலரும் வேறு பெயர்களில் தேடுகிறார்கள். அதன்பின் ‘கோத்தகிரி’, ‘தமிழ்நாடு’, ‘சவுத் இந்தியா’, ‘மிஸ்ட்’, ‘ஹில்சைடு’, ‘மார்னிங்’, ‘சில்வர் ஓக்’ என்று சூழலுக்குப் போகலாம். படத்தைப் பார்த்ததும் எழும் கருத்துகளான ‘அக்ரிகல்ச்சர்’, ‘மேனுவல் லேபர்’, ‘ரூரல் லைஃப்’ கடைசியில் வரட்டும். சட்டகத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ‘ஒன் பெர்சன்’ என்பதையும், இடப்பக்கம் எழுத்துப் போட வெற்றிடம் இருந்தால் ‘காப்பி ஸ்பேஸ்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். வடிவமைப்பாளர்கள் இவற்றைச் சேர்த்துத்தான் தேடுவார்கள். அந்தப் பெண் கையால் பறிக்காமல் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தால் ‘ஹேண்ட் பிளக்கிங்’ என்ற சொல் அங்கே இருக்கவே கூடாது. உயர்ரகத் தேயிலையை விளம்பரம் செய்பவர் கத்தரியைக் கண்டவுடன் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பலர். அடோபி ஸ்டாக் ஒரு படத்துக்கு 49 குறிச்சொற்கள் வரை ஏற்கிறது. ஷட்டர்ஸ்டாக்கில் குறைந்தது 7, அதிகபட்சம் 50. இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. பொருந்தும் சொற்கள் இருபத்தைந்தோடு முடிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடோபி ஸ்டாக்கில் வரிசையும் முக்கியம், முதல் 10 சொற்களுக்கு அது கூடுதல் மதிப்பளிக்கிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எழுதி ஏற்றுமதி செய்தால் குறிச்சொற்கள் அகரவரிசைக்கு மாறிவிடும். நீங்கள் முதலில் வைத்த ‘டீ பிளக்கிங்’ அடியில் கிடக்க, ‘அக்ரிகல்ச்சர்’ தலைமேல் ஏறி நிற்கும். தளத்தில் ஏற்றிய பிறகு வரிசையை ஒருமுறை கையால் சரிசெய்துவிடுங்கள்.

தானியங்கிப் பரிந்துரை நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது படத்தின் வடிவத்தைப் பார்த்து ஊகிக்கிறது. கேத்தி பள்ளத்தாக்கின் கேரட், உருளைக்கிழங்குப் படிக்கட்டு வயல்களை நெல்வயல் என்றும், தேயிலைச் சரிவைத் திராட்சைத் தோட்டம் என்றும் அது சொல்லக்கூடும். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, தவறானதை நீக்குங்கள். விற்பனைக்கு ஆசைப்பட்டுக் கோத்தகிரிப் படத்துக்கு ‘டார்ஜிலிங்’ என்றோ ‘மூணாறு’ என்றோ நீங்களே சேர்ப்பது இதைவிட மோசமானது. பொருந்தாச் சொற்களைத் திணிப்பதை எந்தத் தளமும் அனுமதிப்பதில்லை.

ஊர்ப்பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘ஊட்டி’, ‘உதகமண்டலம்’ இரண்டையும் எழுதுங்கள். கொடைக்கானல் பக்கம் போய் எடுத்தவற்றுக்கு ‘பழனி ஹில்ஸ்’, ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ ஆகியவையும் வேண்டும்.

மலை ரயில் படத்தில் இன்னும் கவனம் தேவை. ‘நீல்கிரி மவுண்டன் ரயில்வே’ என்ற முழுப்பெயர், ‘டாய் டிரெயின்’ என்ற பயணிகளின் பெயர், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதைக் குறிக்கும் ‘வேர்ல்டு ஹெரிடேஜ்’ ஆகியவை எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். ‘ரேக் ரயில்வே’ என்பது பற்சட்டத் தண்டவாளம் உள்ள கல்லாறு–குன்னூர் பகுதிக்கே உரியது. லவ்டேலில் டீசல் எஞ்சின் இழுத்துச் செல்லும் வண்டிக்கு ‘ஸ்டீம் லோகோமோட்டிவ்’ என்று எழுதினால், ரயிலை அறிந்தவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார். பெட்டிக்குள் முகம் தெரியும் பயணிகளிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லையென்றால், படத்தை, விளம்பரத்துக்கு அல்லாமல் செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும் பயன்படும் எடிட்டோரியல் பிரிவில்தான் கொடுக்க முடியும். அப்போது விளக்கத்தின் தொடக்கத்தில் ஊர், நாடு, எடுத்த நாள் ஆகியவற்றைத் தளம் கேட்கும் வடிவிலேயே எழுத வேண்டும். சால்வை போர்த்திய மூதாட்டி ஒருவரைக் கண்டவுடன் ‘ட்ரைபல்’ என்றோ ‘தோடா’ என்றோ எழுதும் பழக்கமும் இருக்கிறது. அவரிடமே கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சமூகத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காட்டுயிர், தாவரப் படங்களுக்கு அறிவியல் பெயரையும் சேருங்கள். பாடநூல் பதிப்பகங்கள் அதை வைத்தும் தேடும். வரையாட்டுக்கு ‘நீல்கிரி தார்’ என்பதோடு ‘நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்’ என்பதும் வேண்டும். நாம் காட்டெருமை என்று சொல்லிப் பழகிவிட்டதால் சிலர் ‘வைல்ட் பஃபலோ’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு இனம். ‘கௌர்’, ‘இந்தியன் பைசன்’, ‘பாஸ் கௌரஸ்’ என்பவையே சரி. குறிஞ்சியிலும் இனங்கள் பல. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிதான் என்று உறுதியானால் மட்டும் ‘ஸ்ட்ரொபிலாந்தஸ் குந்தியானா’ என்று குறிப்பிடுங்கள்.

வீடியோவுக்கு இவற்றோடு அசைவும் சேர வேண்டும். பனி நகர்கிறதா, கேமரா நகர்கிறதா என்பதே வாங்குபவரின் முதல் கேள்வி. ‘டைம்லாப்ஸ்’, ‘ஸ்லோ மோஷன்’, ‘ஏரியல்’, ‘பேன்’ (கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது), ‘ஸ்டாட்டிக் ஷாட்’ ஆகியவற்றுள் எது உண்மையோ அதை முன்வரிசையில் வையுங்கள். ‘ஃபோர் கே’ என்று வீடியோவின் தெளிவளவை எழுதி ஓர் இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. அதற்கென்று பெரிய தளங்களில் வடிகட்டி இருக்கிறது.

ஏற்கெனவே ஏற்றியவற்றின் குறிச்சொற்களைப் பெரும்பாலான தளங்களில் பின்னரும் திருத்தலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முனையாமல், வேறு ஊர்க்காரர் எளிதில் எடுக்க முடியாத மலை ரயில் படங்களிலிருந்தும், கையால் கொழுந்து பறிக்கும் படங்களிலிருந்தும் தொடங்குங்கள். வெறும் மூடுபனிப் படங்கள் கடைசியில் வரட்டும்.