அப்பாவின் நுரையீரல் நோய் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: அப்பா 61 வயதில் ‘பல்மனரி ஃபைப்ரோசிஸ்’ எனும் நுரையீரல் தழும்பு நோயால் இறந்தார். இப்போது அத்தைக்கும் அதே நோய் என்கிறார்கள். எனக்கு 39 வயது. காலையில் தும்மல், சளி, எப்போதாவது இடது மார்பில் சுருக்கென்று ஒரு குத்தல். இணையத்தில் படித்து பயந்து, வீட்டுக்கே அனுப்பும் மரபணுப் பரிசோதனை செய்தேன். எம்யூசி5பி என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக வந்தது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. 46 வயது அண்ணனுக்கும் மூன்று மாதமாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிகரெட்டால்தான் என்கிறார்; எக்ஸ்ரே நார்மல். அப்பாவைப் போலவே அவருக்கும் 25 வயதில் முடி நரைத்துவிட்டது. அப்பாவுக்கு வாங்கி மீந்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாளாக அவருக்குக் கொடுக்கிறேன். என் இரண்டு குழந்தைகளுக்கும் இந்த நோய் வருமா?

பதில்: இந்த வாரமே அண்ணனை நுரையீரல் நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகளைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் தும்மலும் சளியும் பெரும்பாலும் மூக்கு ஒவ்வாமைதான். சுருக்கென்று குத்தி மறையும் வலியும் இந்த நோயின் அடையாளம் இல்லை.

அண்ணனுக்கு இருப்பதுதான் அடையாளம். சளியில்லாத வறட்டு இருமல் வாரக்கணக்கில் நிற்காமல் தொடர்வது, அதோடு முன்பு சாதாரணமாகச் செய்த வேலைக்கே மூச்சு வாங்குவது. குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்த நோய் இருக்கும்போது, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சிகரெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. சிகரெட் புகை தழும்பு நோய் வரும் ஆபத்தையே கூட்டுகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரே நார்மல் என்பதில் எந்த ஆறுதலும் இல்லை. ஆரம்பக்கட்டத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் பரிசோதனையோடு, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 97 காட்டினாலும் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தால் இறங்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வார். தழும்பு இருந்தால், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு பெரும்பாலும் கேட்கும்.

ஸ்டீராய்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோய்க்கு ஒரு காலத்தில் ஸ்டீராய்டு, அசதயோபிரின், என்-அசிட்டைல் சிஸ்டைன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வந்தோம். அமெரிக்காவில் நடந்த ‘பாந்தர்’ ஆய்வு 2012-ல் வெளியானபோது, அந்தக் கூட்டு மருந்து எடுத்தவர்களில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகம் என்று தெரிந்தது. பின்னர் நடந்த ஆய்வில், குரோமோசோம் நுனியில் உள்ள ‘டெலோமியர்’ என்ற காப்புப் பகுதி குறுகியவர்களுக்குத்தான் கெடுதல் அதிகம் என்று தெரியவந்தது; அதைக் கீழே விளக்குகிறேன். உங்கள் அண்ணன் அந்த ரகமாக இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் முடிவு செய்வார்.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியைக் காக்கும் பகுதி. செல் பிரியப் பிரிய அது தேய்கிறது. டெர்ட், டெர்க், ஆர்டெல்1, பார்ன் ஆகிய மரபணுக்கள் அதைப் பராமரிக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதானால் தேய்மானம் வேகமாகிவிடும். நுரையீரல் தன் காயத்தைச் சரிசெய்ய முடியாமல் தழும்பாக்கிவிடுகிறது. பரம்பரையாக வரும் தழும்பு நோயில் அதிகம் அகப்படுவது இந்த வகைதான். இதே பழுது எலும்பு மஜ்ஜையையும் கல்லீரலையும் தாக்கலாம், முடியையும் சீக்கிரம் நரைக்க வைக்கும். இளநரை எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அதை மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் தழும்பு நோய் உள்ள குடும்பத்தில், அப்பாவுக்கும் மகனுக்கும் 25 வயதில் நரைத்தது என்றால் எனக்கு அது முக்கியமான தகவல். அண்ணனுக்கு ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் கட்டாயம் பாருங்கள். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் திரவத்தின் மரபணுக்கள் பழுதாகியும் இந்த நோய் வரும். அது இன்னும் அரிது.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எம்யூசி5பி இந்த ரகத்தைச் சேர்ந்தது இல்லை. 2011-ல் கண்டறியப்பட்ட அந்த மாற்றம் மிகப் பரவலானது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது உண்டு. ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க இந்த நோய் வருவதே இல்லை. இந்த விளக்கத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் முடிவை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பரிசோதனைகள் மேல் எனக்குக் கோபம்தான்.

மரபணுப் பரிசோதனையை உங்களிடம் தொடங்கியதே தவறான வரிசை. நோய் உள்ளவரிடம்தான் முதலில் பார்க்க வேண்டும், அதாவது அத்தையிடம். அவரிடம் குறிப்பிட்ட ஒரு பழுது கிடைத்தால், அதை மட்டும் உங்களிடமும் அண்ணனிடமும் தேடலாம். இல்லை என்று வந்தால் நம்பி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் பழுது எதுவென்று அகப்படுகிறது. அத்தையிடம் எதுவும் கிடைக்காவிட்டால், உங்களிடம் ‘இல்லை’ என்று வருவதற்கு அர்த்தமே கிடையாது.

குழந்தைகள் விஷயம் இதுதான். அப்பாவிடம் ஒற்றை மரபணுப் பழுது இருந்திருந்தால், அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்களுக்கு வரவில்லை என்றால் உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்குப் போக வழியில்லை. வந்திருந்தாலும், பிள்ளை ஒவ்வொருவருக்கும் மறுபடி பாதிக்குப் பாதிதான். பழுது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு வரும் நோய்க்காக இப்போது மரபணுப் பரிசோதனையோ ஸ்கேனோ வேண்டாம். வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும்.

உங்களுக்கு 40 நெருங்குகிறது. மூச்சுப் பரிசோதனையும் ஒரு சி.டி. ஸ்கேனும் எடுத்து வைத்துக்கொள்வது நியாயம்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் நின்டெடானிப், பிர்ஃபெனிடோன் என்ற மருந்துகள் தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அவை நீக்காது. அதனால்தான் அண்ணனுக்காக அவசரப்படுகிறேன். போகும்போது அப்பாவின் பழைய ரிப்போர்ட்டுகள், அத்தையின் ஸ்கேன் படங்கள், அந்த மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். பறவை வளர்க்கிறாரா, வீட்டுச் சுவரில் பூஞ்சை உண்டா, கல் தூசி அல்லது ஆஸ்பெஸ்டாஸ் உள்ள இடத்தில் வேலை பார்த்தாரா என்று மருத்துவர் கேட்பார். அதையும் முன்கூட்டியே அண்ணனிடம் கேட்டு எழுதி வையுங்கள்.