ஹாம் ரேடியோ ரிப்பீட்டர்களின் அலைவரிசை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது? யார் முடிவு செய்கிறார்கள்?

டெல்லியில் யாரோ வரைபடத்தை விரித்து ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுப்பதாகத்தான் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் லைசென்ஸ் வாங்கிய புதிதில் நானும் நினைத்தேன். அங்கிருந்து கிடைப்பது லைசென்சும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும்தான். அதற்குள் யார் எங்கே உட்காருவது என்பதைப் பெரும்பாலும் ஹாம்களே பேசி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் அனுமதி கேட்கப் போவார்கள்.

ரிப்பீட்டர் என்பது சின்ன செட்டில் பேசுவதைத் தூரத்துக்கு எட்டவைக்கும் நிலையம். ஓர் அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் அதே நொடியில் திருப்பிச் சொல்லும். இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ், 145.700-ல் பேசுவது 145.100-ல் கேட்கும். அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில் 146.34-ல் கேட்டு 146.94-ல் பேசிய ஜோடியிலிருந்து நிலைத்துப்போன கணக்கு இது. டாக்சி, போலீஸ் வண்டிகளிலிருந்து கழித்துப் போட்ட பழைய செட்டுகளைத்தான் அன்று வாங்கிப் போட்டார்கள். ஒவ்வொரு சேனலுக்கும், அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் தனித்தனியாக வாங்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை யார் மாற்றுவார்கள்? முன்னால் வந்தவர் வைத்ததே வழக்கமாகிவிட்டது. அங்கே இன்றும் சில பகுதிகளில் ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் நடுவே 15 கிலோஹெர்ட்ஸ், சில பகுதிகளில் 20.

நம் பட்டையில் இடம் இன்னும் நெருக்கம். 145.800-க்கு மேல் செயற்கைக்கோள்கள். 145.500 ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகக் கூப்பிடும் இடம். 145.600-லிருந்து 145.775 வரை 25 கிலோஹெர்ட்ஸ் விட்டு அடுக்கினால் எட்டே ஜோடிதான் தேறும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலைந்து பேர் ரிப்பீட்டர் போடலாம் என்று கிளம்பியபோது, மதுரைப் பக்கம் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஜோடியைக் குறித்தேன். எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணாச்சி சிரித்தார். "மேற்கே மலை மறைக்கும்லா தம்பி, கிழக்கே கடல் என்னத்த மறைக்கும்?"

அவர் சொன்னதால் ஒரு மாசி மாத விடியலில் மணப்பாடு மணல்மேட்டில் கைசெட்டோடு நின்றேன். காற்றே இல்லை. நான் காலி என்று குறித்திருந்த அலைவரிசையில் 'ஃபோர் எஸ் செவன்' என்று யாரோ தெளிவாகக் கூப்பிட்டார். இலங்கை அழைப்புக்குறி. கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நின்றால், அலை அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓடிவிடும். மலைப்பக்கம் கதையே வேறு. பொதிகைத் தொடர் குறுக்கே நிற்பதால், உயரம் பார்த்து வைத்தால் அந்தப் பக்கத்துக் கேரள ஊர் இருக்கும் அதே ஜோடியை இந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம். ஆசைப்பட்டு மாஞ்சோலை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அந்த வசதி போய்விடும். ஆயிரம் மீட்டரிலிருந்து அலையின் தொடுவானம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அத்தனை ஊரும் நமக்குப் பக்கத்து வீடாகிவிடும்.

சரி, மோதினால் என்ன செய்வது? டோன் வைப்பார்கள். 88.5 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு மெல்லிய முனகல் குரலோடு சேர்ந்து வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். அடுத்த ஊர்க்காரர் பேசினால் நம்முடையது விழிக்காது. ஆனால் காதில் விழும் இரைச்சல் அதனால் குறையாது. டோனை நம்பி நெருக்கமாக அடுக்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

அப்புறம் ஒரு மாதம் காலை, மாலை, நடுராத்திரி என்று முறைவைத்துக் கேட்டு நோட்டில் எழுதினோம். எட்டில் இரண்டு தேறின. அந்த நோட்டு அண்ணாச்சியிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் பேசவும் தேவைப்படும் டூப்ளெக்ஸருக்குத்தான், பால்கேன் மாதிரி ஆறு உருளை நிற்குமே, அதற்குத்தான் இன்னும் காசு சேரவில்லை.