சுவாசம் 20

அன்புள்ள நர்ஸ் அம்மா,

பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு படிக்கிறேன். வார்டுக்குப் போக ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. பெட் போடுகிறோம், உடம்பு துடைத்துவிடுகிறோம், டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, மூச்சு) பார்க்கிறோம். ஊசி போட இன்னும் விடவில்லை. 'ஆயா வேலைக்கா இவ்வளவு பீஸ்?' என்று சித்தப்பா கேட்டது மனதிலேயே கிடக்கிறது. போன வாரம் ஒரு சீனியர் அக்கா, 'மூச்சையெல்லாம் யாருடி எண்ணிக்கிட்டிருப்பா, இருபதுன்னு போடு' என்றார். பார்த்தால் வார்டில் எல்லாருக்குமே இருபதுதான். விளக்கேற்றி உறுதிமொழி எடுத்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வார்டில் செல்போன் கூடாது என்பதால் வாட்ச் வாங்க வேண்டும். எப்படிப்பட்டது வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

அந்த இருபதை நானும் எழுதியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டில், நைட் டியூட்டியில். காய்ச்சலோடு ஒரு பாட்டி. நாடி பார்த்தேன், தெர்மாமீட்டர் வைத்தேன், பி.பி. எடுத்தேன், மூச்சுக்கு 20 போட்டேன். ரவுண்ட்ஸ் வந்த நைட் சிஸ்டர் சார்ட்டைக் கையில் எடுக்கவேயில்லை. கட்டிலருகே நின்று பாட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வாட்சைக் கழற்றி என்னிடம் தந்து, 'எண்ணு' என்றார். 36. பி.பி. அப்போதும் ஒழுங்காகத்தான் இருந்தது. நிமோனியா. விடிவதற்குள் ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். சிஸ்டர் திட்டவில்லை. 20-ஐ ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 36 எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திடச் சொன்னார். அழித்து எழுத விடவில்லை.

பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆக்சிஜன் போதாமல் போனாலும், கிருமித்தொற்றிலோ சர்க்கரை முற்றியோ ரத்தத்தில் அமிலம் கூடினாலும், உடம்பு முதலில் மூச்சைத்தான் வேகப்படுத்திச் சமாளிக்கப் பார்க்கும். பி.பி. இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப், எல்லாம் சரி என்பதுபோல் 96 என்று காட்டி உங்களை ஏமாற்றவும் செய்யும்.

நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காதீர்கள். இன்னும் நாடிதான் பார்க்கிறார்கள் என்று நோயாளி நினைத்துக்கொள்ளட்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவரை அறியாமலே அது மாறிவிடும். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒன்று பிசகினால் நாலு பிசகும்.

சித்தப்பா விஷயம். ஆயாக்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. வலிக்காமல் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே ஓர் ஆயாதான். ஆனால் உடம்பு துடைக்கும்போது உங்கள் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. படுத்தே கிடப்பவரைத் திரும்பச் சொல்லி (சொல்லிவிட்டு, ஸ்கிரீனை இழுத்துவிட்டு, பிறகு தொடுங்கள்) இடுப்புக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்திருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது, படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான் என்று பாடத்தில் வரும். அது வெள்ளைத்தோலைப் பார்த்து எழுதிய வரி. நம் கறுத்த தோலில் சிவப்புக்குக் காத்திருந்தால் புண்தான் வரும். சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கிறதா பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். விரல் நுனிக்கு அந்த இடம் மட்டும் கெட்டியாகவோ கொழகொழவென்றோ தட்டுப்பட்டால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பெட்ஷீட்டில் சுருக்கம் இருக்கக் கூடாது என்று உங்கள் மேடம் உயிரை வாங்குவதும் இதனால்தான்.

உறுதிமொழி பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அது நர்சிங்கின் முன்னோடி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியதில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அவர் பெயரால் எழுதப்பட்டது. மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த வரியை நம்பி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். டோஸ் அதிகமாகத் தெரிந்தால், 'சார், இன்னொரு தடவை பாருங்களேன்' என்று சொல்லத்தான் வேண்டும். முதல் தடவை குரல் நடுங்கும். எனக்கு மூன்றாவது தடவையும் நடுங்கியது.

சீனியர் அக்காவோடு சண்டைக்குப் போக வேண்டாம். உங்களுக்குக் கொடுத்த ஆறு கட்டிலை மட்டும் எண்ணி எழுதுங்கள். 16, 22, 18 என்று வித்தியாசமாக வந்தால் யாராவது கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

வாட்ச்: முள் ஓடுகிற சாதாரண வாட்ச் போதும், விநாடி முள் கட்டாயம். கையில் கட்ட வேண்டாம். கை கழுவும்போது மணிக்கட்டு வரை வெறுமையாக இருக்க வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் வகை கிடைக்கிறது, தலைகீழாகத் தொங்கும். குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

அன்புடன்,
அம்மா