கருப்பு கார்ல வட்ட வட்டமா கோடு, வீல்ல போகாத பழுப்பு புள்ளி: வீட்டுலயே சரி பண்ணலாமா?

கேள்வி: என் கார் கருப்பு கலர், வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. தினமும் காலைல துணியால தூசி துடைச்சுட்டுதான் வண்டிய எடுப்பேன், வாரத்துக்கு ஒரு தடவை பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவுவேன். இவ்ளோ பாத்துக்கிட்டும் வெயில்ல நிறுத்துனா பானெட் பூரா சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு தெரியுது. அலாய் வீல்ல பழுப்பு புள்ளிங்க வேற, என்ன தேய்ச்சாலும் போகல. ரப்பிங் காம்பவுண்ட் போடுன்னு ஒருத்தர் சொல்றாரு, செராமிக் கோட்டிங் அடிச்சுடுன்னு இன்னொருத்தர் சொல்றாரு. வீட்டுலயே ஏதாவது பண்ண முடியுமா?

பதில்: முடியும், பெரும்பகுதி வீட்டுலயே முடியும். ஆனா காம்பவுண்டையும் (பெயின்ட்டை தேய்ச்சு சீவுற பேஸ்ட்), செராமிக்கையும் (பெயின்ட் மேல பூசுற பாதுகாப்பு படலம்) இப்போதைக்கு ஓரமா வச்சுடுங்க, ஏன்னா அந்தக் கோடெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்காம அதை அழிச்சா மூணு மாசத்துல திரும்ப வந்துடும். உங்க கேள்வியிலயே காரணம் இருக்கு. தினமும் காலைல காஞ்ச தூசிய துணியால துடைக்கிறீங்கல்ல, அதுதான். தூசின்னா அதுல பொடி மணல் இருக்கும், மணல்ல இருக்குற குவார்ட்ஸ் உங்க பெயின்ட்டை விட ரொம்ப கடினமானது, துணி அதை அழுத்தி இழுத்துட்டு போறப்ப போற வழியெல்லாம் கீறிக்கிட்டே போகும். ஒரு நாள்ல தெரியாது, ரெண்டு வருஷம் தினமும் பண்ணா தெரியத்தான் செய்யும். நீங்க வண்டி மேல அக்கறை இல்லாம விட்டிருந்தா கூட இவ்ளோ கோடு விழுந்திருக்காது, இதை சொல்றதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

இன்னொண்ணு, அந்தக் கோடு வட்டமா இருக்கறதால "நான் வட்டமா தேய்ச்சதுதான் தப்பு போல"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில கீறல் எல்லா திசையிலயும்தான் இருக்கு, சூரியனோட பிரதிபலிப்பை சுத்தி வட்டமா அமைஞ்ச கீறல் மட்டும் வெளிச்சத்தை நம்ம கண்ணுக்கு திருப்பி அனுப்புது, அதனால வட்டமா தெரியுது. வெள்ளை, சில்வர் வண்டியிலயும் இதே கீறல் இருக்கும், கருப்புல காட்டிக்கொடுத்துடுது அவ்ளோதான்.

இப்ப பெயின்ட்டை பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், மத்த எல்லா முடிவும் இதுல இருந்துதான் வரும். இப்ப வர்ற கார்ல கலருக்கு மேல கிளியர் கோட்னு நிறமே இல்லாத ஒரு அடுக்கு இருக்கு, பளபளப்பு மொத்தமும் அதுலதான். பொதுவா அதோட தடிமன் 35ல இருந்து 50 மைக்ரான், ஒரு தலைமுடி தடிமன் கூட தேறாது. பாலிஷ், காம்பவுண்ட் எதை போட்டாலும் அது கீறலை நிரப்புறது கிடையாது, கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தி இருக்குற கிளியர் கோட்டை சீவி சமமாக்குறது. சீவுனது சீவுனதுதான், திரும்ப வளராது. வெயில்ல இருந்து கலரை காப்பாத்துறதும் அந்த அடுக்குதான், அது ரொம்ப மெலிஞ்சுட்டா ஒரு நாள் வெள்ளை வெள்ளையா உரிய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் மறுபடி பெயின்ட் அடிக்கிறது தவிர வேற வழி கிடையாது. அதனால கழுவுற முறைய முதல்ல மாத்துங்க, கீறலை அழிக்கிறது அதுக்கு அப்புறம்.

நாளைல இருந்து காஞ்ச வண்டிய துடைக்கவே துடைக்காதீங்க. ரெண்டு நாள் தூசி அப்படியே உக்காந்திருந்தா பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கண்ணாடிய மட்டும் துடைச்சுட்டு கிளம்புங்க. தூசியோட இருக்குற வண்டி மேல கவர் போட்டு மூடுறதும் வேணாம், காத்துல கவர் அசையறப்ப துணி பண்ற அதே வேலைய அதுவும் பண்ணும்.

கழுவுற அன்னைக்கு வீல்ல இருந்து ஆரம்பிங்க. கடைசியா வீலை எடுத்தா அதுல இருந்து தெறிக்கிற அழுக்கு கழுவுன கதவு மேலயே விழும், அது ஒண்ணு, நீங்க வீலோட போராடிக்கிட்டு இருக்குறப்ப பாடில தண்ணி காஞ்சு கறையாயிடும், அது இன்னொண்ணு. வண்டி ஓட்டிட்டு வந்த உடனே வேணாம், வீலும் டிஸ்கும் கை வச்சு பாத்தா சில்லுன்னு இருக்கணும், சூடா இருந்தா எந்த கெமிக்கலும் நிமிஷத்துல காஞ்சு கறை விட்டுடும். வீலுக்கு தனி வாளி, தனி பிரஷ், தனி துணி.

உங்க பழுப்பு புள்ளிக்கு வர்றேன். பிரேக் போடறப்ப பேடும் தேயுது, டிஸ்கும் தேயுது, டிஸ்க் வார்ப்பிரும்பு. அதுல இருந்து கிளம்புற இரும்புத் துகள் சூட்டோட வந்து வீல் மேல இருக்குற கோட்டிங்ல பதிஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் ஈரம் பட்டு அங்கேயே துரு பிடிக்கும். நீங்க பாக்குற பழுப்பு அந்த துருதான். உள்ள பதிஞ்சு இருக்கறதால ஷாம்பூவுக்கும் மசியாது, தேய்ச்சாலும் போகாது, தேய்க்கத் தேய்க்க வீல்தான் கீறும். இதுக்குன்னே அயர்ன் ரிமூவர்னு விக்குறாங்க, பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு கலந்தது. அடிச்ச கொஞ்ச நேரத்துல இரும்பு இருக்குற இடமெல்லாம் ஊதா கலராகி வழியும், பயந்துடாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். நாத்தம் கொஞ்சம் பலமாவே இருக்கும், திறந்த இடத்துல வச்சு கிளவுஸ் போட்டுக்கிட்டு பண்ணுங்க. முதல்ல தண்ணிய பீச்சி சேறு மண்ணை எறக்கிட்டு, ஷாம்பூ போட்டு ஒரு தடவை கழுவிட்டு, அதுக்கப்புறம் இதை அடிங்க. மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் விடுங்க, பாட்டில்ல வேற நேரம் போட்டிருந்தா அதுபடி போங்க, ஆனா காய விடக்கூடாது. மெத்துன்னு இருக்குற பிரஷால ஸ்போக் இடுக்கு, நட்டு குழியெல்லாம் லேசா கிளறிவிட்டு நல்லா தண்ணி அடிச்சு கழுவிடுங்க. ரெண்டு வருஷத்து துரு ஒரே தடவைல போகாது, அடுத்த வாரம் இன்னொரு தடவை பண்ணுங்க. கருப்பா ஒட்டிக்கிட்டு இருக்குறது மட்டும் அதுக்கும் அசையலைன்னா அது பெரும்பாலும் தார், அதுக்கு தார் ரிமூவர் தனியா வேணும்.

கோட்டிங் இல்லாம வெறும் அலுமினியத்தை பாலிஷ் பண்ண வீலா இருந்தா மட்டும் மறைவான ஒரு மூலைல போட்டு பாத்துட்டு பண்ணுங்க.

ஆசிட் பக்கம் போகவே வேணாம். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை வீல்ல ஊத்துறவங்க இருக்காங்க, அந்த நேரத்துக்கு பளிச்னு தெரியும், அப்புறம் அலுமினியம் வெளுத்து திட்டுத்திட்டா ஆயிடும், நட்டும் டிஸ்கும் துரு பிடிக்கும். சில வீல் கிளீனர்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட், இல்லைன்னா அமோனியம் பைஃப்ளூரைடு இருக்கும், லேபிள்ல இந்த ரெண்டு பேர்ல எது இருந்தாலும் அந்த பாட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. தோல்ல பட்டா உடனே வலிக்காம கூட இருக்கும், ஆனா உள்ள எறங்கி எலும்பு வரைக்கும் பாதிக்கும், அவ்ளோ ஆபத்தானது. ஒரு வீல் பளபளப்புக்காக யாரும் இதை தொட வேண்டியதே இல்ல.

இப்ப பாடி. நிழல்ல நிறுத்துங்க, பானெட்ல புறங்கைய வச்சா சூடு இருக்கக்கூடாது. வெறும் தண்ணிய மேல இருந்து கீழ நல்லா அடிச்சு, கை வைக்காம எவ்ளோ மண்ணு இறங்குமோ அவ்ளோத்தையும் எறக்குங்க. இந்த கட்டத்துல அவசரப்படாம இருந்தாலே பாதி கீறல் வராது. பிரஷர் வாஷர் இருந்தா ஒரு அடி தள்ளி நின்னு அடிங்க, பெயின்ட் பேந்திருக்குற இடத்துல கிட்ட கொண்டு போனா இன்னும் உரியும். பாத்திர லிக்விட் பெயின்ட்டை அரிச்சுடும்னு சொல்றது மிகைதான், ஆனா மேல போட்ட வேக்ஸை கழுவி எடுத்துடும், வழவழப்பும் கார் ஷாம்பூ அளவுக்கு இருக்காது. அந்த வழவழப்புதான் மணலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல நிக்குது, அதனால பிஎச் நியூட்ரல்னு (அமிலமும் இல்ல, காரமும் இல்லன்னு அர்த்தம்) போட்ட கார் ஷாம்பூ ஒண்ணு வாங்கிடுங்க.

வாளி ரெண்டு வேணும். ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் மிட்டை (கைல மாட்டிக்கிற மெத்துன்னு இருக்குற உறை) ஷாம்பூல முக்கி ஒரு பேனல் கழுவுங்க, உடனே வெறும் தண்ணி வாளில அலசி அழுக்கை அங்க விட்டுட்டு, மறுபடி ஷாம்பூக்கு வாங்க. ஒரே வாளின்னா எடுத்த மண்ணையே திரும்ப எடுத்து பூசுறோம். ரூஃப், கண்ணாடி, பானெட், கதவோட மேல் பாதின்னு வந்து, கதவோட கீழ் பாதி, பம்பர், வீல் பக்கத்துல இருக்குற இடமெல்லாம் கடைசி, அங்கதான் மண்ணு ஜாஸ்தி. அழுத்தாதீங்க, மிட்டோட எடையே போதும். அழுக்கை தேய்க்கக்கூடாது, நனைச்சு ஊறவச்சு தூக்கி எடுக்கணும். மிட் கீழ விழுந்துடுச்சுன்னா அன்னைக்கு அது பெயின்ட்டை தொடக்கூடாது, தட்டிட்டு எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க.

கழுவிட்டு வெயில்ல தானா காயட்டும்னு விடவும் கூடாது. உப்புத் தண்ணில கால்சியம், மெக்னீசியம் இருக்கும், தண்ணி ஆவியான பிறகு அது வெள்ளைப் புள்ளியா தங்கிடும், சூட்டுல கிடந்தா கிளியர் கோட்டையே அரிச்சு பள்ளமாக்கிடும். பெரிய, அடர்த்தியான மைக்ரோஃபைபர் டவலை பேனல் மேல விரிச்சு மெதுவா ஒத்தி எடுங்க. புதுசா விழுந்த புள்ளின்னா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு எடுத்துட்டு நல்லா கழுவிடுங்க. பறவை எச்சமும் இப்படித்தான் அவசரம், காஞ்சதை சுரண்டக்கூடாது, ஈர டிஷ்யூவ மேல போட்டு சில நிமிஷம் ஊறவிட்டு தூக்கி எடுக்கணும். எல்லாம் முடிஞ்சு வண்டிய எடுத்ததும் மெதுவா ஓட்டி ரெண்டு மூணு தடவை பிரேக்கை மிதிச்சுக்கோங்க, டிஸ்க் ஈரமா இருந்தா முதல் பிரேக் சரியா பிடிக்காது. டிஸ்க்ல செம்பழுப்பா லேசா துரு தெரிஞ்சா அது சாதாரணம், பிரேக் போட்டதும் போயிடும்.

இந்த முறைல ஒரு மாசம் கழுவுங்க. அப்புறமா அந்த சிலந்தி வலைக் கீறலுக்கு வரலாம். கழுவி காய வச்ச பானெட்ல, கைய ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு தடவி பாருங்க, சொரசொரன்னு இருந்தா பெயின்ட்லயும் இரும்புத் துகளும் தாரும் ஒட்டியிருக்குன்னு அர்த்தம். பெயின்ட்லயும் போடலாம்னு பாட்டில்ல எழுதியிருந்தா அதே அயர்ன் ரிமூவரை இங்கயும் அடிச்சு கழுவிட்டு, மிச்சத்துக்கு கிளே பார், அதாவது ஒட்டியிருக்குறதை இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி, அது வழுக்கிட்டு போக லூப்ரிகன்ட் தாராளமா அடிச்சு அழுத்தம் இல்லாம ஓட்டுங்க. கிளே கீழ விழுந்தா தூக்கி போட்டுடுங்க. கருப்பு பெயின்ட்ல கிளேவே லேசா கோடு விடும், அதனால பாலிஷ் போடப் போறப்ப மட்டும் செஞ்சா போதும்.

அப்புறம் நகத்தை கீறல் மேல குறுக்கா மெதுவா ஓட்டி பாருங்க. நகம் மாட்டுற கீறல் ஆழமானது, அதை பாலிஷ்ல அழிக்க பாக்காதீங்க, அது இருந்துட்டு போகட்டும். நகத்துக்கு தெரியாத கோட்டை எடுக்கலாம். கையால ரப்பிங் காம்பவுண்ட் தேய்க்கிறதுதான் கருப்பு வண்டிக்கு பண்ணக்கூடாத வேலை, அழுத்தம் ஒரே மாதிரி வராது, பழைய கோடு போன இடத்துல மங்கலா புது கோடு வரும். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் ஒண்ணு வாடகைக்கோ கடனாவோ கிடைச்சா போதும். சுத்திக்கிட்டே அலையுற மாதிரி ஓடுறதால ஒரே இடத்துல சூடு ஏறுறது கம்மி, புதுசா பண்றவங்களுக்கு ஓரளவு பாதுகாப்பானது. அலையாம ஒரே அச்சுல சுத்துற ரோட்டரி மெஷின் வேணவே வேணாம், கொஞ்ச நேரம் ஒரே இடத்துல நின்னா கிளியர் கோட் எரிஞ்சு போயிடும்.

மெத்தான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், இதுல இருந்து ஆரம்பிங்க. ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி ஒரு சதுரம் மட்டும் பண்ணி, துடைச்சுட்டு, டார்ச் அடிச்சு பாருங்க. திருப்தியா இருந்தா மொத்த வண்டிக்கும் அதே போதும், இல்லைன்னாதான் அடுத்த கட்ட பாலிஷ். ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக்ல டேப் ஒட்டிடுங்க. பேனல் ஓரத்துலயும் மடிப்புலயும் மெஷினை நிறுத்தாதீங்க, அங்கதான் பெயின்ட் ரொம்ப மெல்லிசு. முழுசா ஒரு கோடு கூட இல்லாம ஆக்கணும்னு துரத்துறது எனக்கு உடன்பாடு இல்ல. முக்கால்வாசி போனாலே கருப்பு ஆழமா தெரியும், மிச்ச கிளியர் கோட் இன்னும் பல வருஷத்துக்கு தேவை. மேட் ஃபினிஷ் வண்டி வச்சிருக்குறவங்க இதை படிச்சா, இந்த பாலிஷ், வேக்ஸ் எதுவும் உங்களுக்கு இல்ல, அது அங்கங்க பளபளன்னு ஆகி திட்டு விழுந்துடும், திரும்ப சரி பண்ண முடியாது.

செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான், அழுக்கு ஒட்டாம சீக்கிரம் கழுவ வரும், எச்சம், கெமிக்கலுக்கு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா 9எச்னு விளம்பரத்துல போடறது பென்சில் வச்சு பாக்குற டெஸ்ட்ல வர்ற அளவு, வைரம் மாதிரி எதுலயும் கீறல் விழாதுன்னு நினைச்சுடாதீங்க, தினமும் காஞ்ச துணில துடைச்சா அதுலயும் கோடு விழும். அதுவும் இப்ப இருக்குற நிலைல அடிச்சா அந்த வலை அப்படியே உள்ள பூட்டிக்கும், அப்புறம் பாலிஷ் பண்ண கோட்டிங்கையும் சேத்து எடுக்கணும். இப்போதைக்கு பாலிஷ் முடிஞ்சதும் ஒரு சிந்தெடிக் சீலன்ட் (வேக்ஸ் மாதிரி பூசுற செயற்கை பாதுகாப்பு பூச்சு) போடுங்க, கார்னாபாங்கிற இயற்கை வேக்ஸ் சில வாரம்தான் நிக்கும், சீலன்ட் சில மாசம் தாங்கும். வீலுக்கும் அதையே போடுங்க, பிரேக் தூசி அடுத்த தடவை தண்ணிலயே நிறைய இறங்கிடும். ஆறு மாசம் கழிச்சு வெயில்ல நிறுத்தி பாருங்க, புது கோடு பெருசா சேரலைன்னா அப்ப செராமிக் அடிங்க, செலவு பண்ற காசு நிக்கும்.

துணிங்களை துவைக்கிறப்ப காட்டன் துணியோட சேக்காதீங்க, அதுல இருந்து பிரியுற நூல் மைக்ரோஃபைபர்ல மாட்டிக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் வேணாம், ஊற வேண்டிய துணி தண்ணிய ஊறாது. ஓரத்துல தச்சிருக்குற லேபிளை முதல் நாளே வெட்டிடுங்க, அதுவும் கீறும். வீல் துடைச்ச துணி எவ்ளோ வெளுத்தாலும் பெயின்ட்டுக்கு வரக்கூடாது, அதுக்குன்னு வேற கலர்ல வாங்கி வச்சுக்கிட்டா கைதவறி மாறவும் மாறாது.